உபயம்

இலக்கிய விமர்சனத்துக்கென ஒதுக்கப்பட்ட இப்பக்கங்களில் நாவலையோ சிறுகதைத் தொகுதியையோ எதிர்பார்க்கும் வாசகர்கள், இம்முறை நாம் எடுத்துக்கொண்டிருக்கும் நூலின் அளவைக் கண்டு வியப்படையக்கூடும். ஓரடி நீளமும் அரையடி அகலமும் கொண்ட ஒரு கருங்கற் பலகையே அது. அதிலுள்ள சொற்கள் பத்துக்கு மேலில்லை. முதற் சொல் 'உபயம்'. அடுத்து ஒருவரின் பெயர், அவருடைய பெற்றோரின் ஞாபகார்த்தமாக என்ற குறிப்பு, ஒரு திகதி. கொட்டாஞ்சேனையில் ஓர் அரசாங்கப் பாடசாலையின் குடிநீர்க் குழாயடியில் இப்பலகை பதிக்கப்பட்டிருக்கிறது. பாடசாலையின் பெயர் இங்கு வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை, குழாயடி உள்ள பாடசாலைகள் பலவற்றில் இதே நூலின் வேறு பதிப்புகளை நாம் கண்டோம். சிலவற்றில் தனிமனிதரின் பெயர். சிலவற்றில் பழைய மாணவர் சங்கத்தின் ஓர் ஆண்டுப் பிரிவு. சிலவற்றில் ஒரு வங்கியின் இலச்சினை. சொல் மட்டும் மாறவில்லை.

இதையும் ஓர் இலக்கியமாகக் கொண்டு ஆராய வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு எமது விடை எளிது. எமது பிள்ளைகள் நாளுக்கு இருமுறை மும்முறை எதிரே நின்று படிக்கின்ற தமிழ் வாசகம் இதைவிட வேறொன்று இல்லை. பாடநூலை மூடிவிடலாம், குழாயடிக்குப் போகாமல் இருக்க முடியாது. அத்துணை வாசகர்களைக் கொண்ட ஒரு படைப்பு என்ன கூறுகிறது, எதைக் கூறாமல் விடுகிறது என்று பார்ப்பது விமர்சகனின் கடமையே.

'உபயம்' கோயிலிலிருந்து வந்த சொல். திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஓர் உபயகாரருக்கு உரியது. அன்றைய விளக்கும் பூவும் மேளமும் அவருடைய செலவு. அன்றைய காளாஞ்சியும் முதல் மரியாதையும் அவருடைய வரவு. அந்த அமைப்பின் நியாய அநியாயங்களை இங்கு ஆராய நாம் முற்படவில்லை. அது தெய்வத்துக்கும் அடியாருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல். கோயிலில் மின்விளக்கின் கண்ணாடிக் குழாயில் உபயகாரரின் பெயரை எழுதி ஒளியை மறைக்கும் வழக்கத்தைத் தமிழ் எழுத்தாளர் பலர் எள்ளி நகையாடியிருக்கிறார்கள். ஆனால் அதே சொல் எப்போது மதிலைத் தாண்டிப் பாடசாலைக்குள் நுழைந்தது, நுழைந்தபோது தன்னுடன் எதைக் கொண்டுவந்தது என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

தண்ணீர் வழங்குவதை அறமாகப் போற்றுவது எமது மரபிலே ஆழ வேரூன்றிய ஒன்று. பெரியபுராணத்தில் அப்பூதியடிகள் திங்களூரில் வைத்த தண்ணீர்ப் பந்தலை நினைவுகூராத சைவத் தமிழர் இரார். அக்கதையின் உயிர்நிலை ஒரு பெயர்ப் பலகைப் பிரச்சினை என்பதைக் கவனித்தல் வேண்டும். அவ்வழியாக வந்த திருநாவுக்கரசர் பந்தலில் தம் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதைக் காண்கிறார்; அப்பூதியாரைத் தேடிச் சென்று, உம்முடைய பெயரை விட்டு வேறொருவர் பெயரை எழுதியது ஏன் என்று கேட்கிறார். தர்மத்தில் எவர் பெயர் எழுதப்படுகிறது என்பது வினாவுக்குரிய விஷயம் என்று சேக்கிழார் அறிந்திருந்தார். அப்பூதியார் தம் பெயரை எழுதவில்லை. இன்றைய உபயகாரர் தம் பெயரை எழுதுகிறார். எனினும் இவ்வேறுபாட்டைச் சுட்டி உபயகாரரைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. எமக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று.

தண்ணீர்ப் பந்தல் வழிப்போக்கனுக்காக ஏற்பட்டது. அவன் யாரென்று எவருக்கும் தெரியாது. நாளை அவ்வழி வரப்போவதுமில்லை. கோடை கழிந்ததும் பந்தலைப் பிரித்துவிடுகிறோம். ஆடிவேல் விழாவில் தேர் காலி வீதியால் வெள்ளவத்தைப் பக்கம் வரும் காலங்களில் வீதியோரத்தில் மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வழங்கியவர்களும், வெசாக் இரவில் எமது சிங்களச் சகோதரர்கள் நடத்தும் தன்சலும் இந்த வகையைச் சேர்ந்தவையே. அழகிய வழக்கங்கள். ஆனால் பாடசாலைப் பிள்ளை வழிப்போக்கன் அல்லன். ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை அவன் பாடசாலைக்கு வந்தே தீரவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆண்டில் ஏறத்தாழ இருநூறு நாட்கள், காலை ஏழரை மணி முதல் பிற்பகல் ஒன்றரை மணி வரை, கொழும்பின் வெயிலில் அவனை ஒரு மதிலுக்குள் இருத்தி வைப்பது அரசாங்கம். வரும்படி கட்டாயப்படுத்தியவர் ஒருவர். வந்தவனுக்குத் தண்ணீர் கொடுப்பவர் இன்னொருவர். அதுவும் அவருக்கு மனமும் வசதியும் இருந்தால். இந்த ஏற்பாட்டில் ஏதோ கோணல் இருக்கிறது என்பதைச் சாதாரண வீட்டு நியாயம் அறிந்த எவரும் ஒப்புக்கொள்வர். விருந்தாளியை வற்புறுத்தி அழைத்துவிட்டு, அயலவர் சோறு போடுவார் என்று திண்ணையில் இருத்திவைப்பவனை நாம் என்ன பெயரால் அழைப்போம்?

இனிப் பலகையின் மொழிக்கு வருவோம். 'உபயம்' என்ற வாக்கியத்தில் வினைச்சொல் இல்லை. வினை இல்லாதபடியால் காலமும் இல்லை. கொடுத்தது ஒரு நாள். அந்த நாளின் திகதியும் இருக்கிறது. எவ்வளவு காலத்துக்கு என்பது இல்லை. எவர் பராமரிப்பது, எவர் பட்டியலைக் கட்டுவது என்பவையும் இல்லை. கருங்கல் நிலைத்து நிற்கிறது. அதன் கீழே உள்ளதோ நிலைத்து நிற்கும் பொருளன்று.

நாம் பார்த்த பலகையின் கீழே துருப்பிடிக்காத உருக்கினால் ஆன ஒரு பெட்டியும் அதில் நான்கு குழாய் வாய்களும் இருந்தன. இரண்டில் துணி கட்டப்பட்டிருந்தது. மூன்றாவது சொட்டிக்கொண்டிருந்தது, அதன் கீழே ஒரு வாளி. பெட்டிக்குள் இருக்கும் பில்டரின் உள்ளுறை கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேட்டோம். அங்கு நின்ற ஆசிரியை புன்னகைத்தார். அவர் அப்பாடசாலைக்கு மாற்றலாகி வந்து மூன்றாண்டு. அவர் வந்தபின் எவரும் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்ததில்லையாம். பில்டரின் உள்ளுறை சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டிய பொருள். புறஊதா விளக்கு உள்ள பெட்டியானால் அவ்விளக்கை ஏறத்தாழ ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும். மாற்றாது விட்ட பில்டர் நீரைச் சுத்திகரிப்பதில்லை. தான் தடுத்து வைத்திருந்த அழுக்கிலே கிருமிகள் வளர இடங்கொடுக்கும். அதாவது, உபயம் காலாவதியாகிய பின்பு அது இல்லாதிருப்பதைவிட இருப்பதே தீங்கு என்ற நிலைமை தோன்றுகிறது. பிள்ளையோ பெட்டியின் பளபளப்பையும் பலகையின் கம்பீரத்தையும் நம்பிக் குடிக்கிறது.

கொழும்பு மாநகரின் குழாய் நீரைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை. 1886இல் லபுகம நீர்த்தேக்கம் நிறைவேறி மாளிகாகந்தைக்கு நீர் வந்தநாள் முதல் இந்நகரம் இலங்கையிலேயே நல்ல நீர் பெறும் பாக்கியம் கொண்ட நகரங்களுள் ஒன்று. இன்று அம்பத்தலையில் களனி கங்கையின் நீர் சுத்திகரிக்கப்பட்டுக் குளோரின் சேர்த்து அனுப்பப்படுகிறது. கடும் வரட்சியில் கடலுப்பு ஆற்றிலே மேலேறி வரும் தொல்லை உண்டெனினும், சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து புறப்படும் நீரை நாம் குறைகூறவில்லை. கோளாறு கடைசி ஐம்பது யாரில் இருக்கிறது. வீதிக் குழாயில் அமுக்கம் போதாத இடங்களில் பாடசாலை நீர் முதலில் நிலத்தடித் தாங்கியில் விழுகிறது. பின்பு இயந்திரத்தால் மாடித் தாங்கிக்கு ஏறுகிறது. அங்கு வெயிலில் காய்ந்து கிடந்து கீழே இறங்குகிறது. கடைசிக் குழாய் வாயிலும் ஒரு லீற்றருக்கு 0.2 மில்லிகிராமேனும் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் கூறும் அளவு. கழுவப்படாத தாங்கியில், மூடி உடைந்து காகம் அமரும் தாங்கியில், அது எஞ்சுவதில்லை. லபுகமவும் அம்பத்தலையும் செய்த வேலை அனைத்தையும் ஓர் உடைந்த மூடி வீணாக்கிவிடுகிறது. அந்த மூடிக்கு உபயகாரர் எவரும் கிடைப்பதில்லை. மாடித் தாங்கியின் மூடியிலே பெயர் எழுதினால் காகங்களைத் தவிர எவர் வாசிக்கப் போகிறார்கள்!

இதை நகைச்சுவைக்காக நாம் கூறவில்லை. உபயத்தின் பொருளாதாரமே இதுதான். கண்ணுக்குத் தெரிவதற்குப் பணம் வரும், தெரியாததற்கு வராது. புதிதாக அமைப்பதற்கு வரும். பழையதைப் பேணுவதற்கு வராது. திறப்புவிழா நடத்தக்கூடியதற்கு வரும்; மாதந்தோறும் வரும் நீர்ப் பட்டியலுக்குத் திறப்புவிழா இல்லை. குழாய் வைத்தவரின் பெயர் கல்லில் இருக்கிறது. ஆனால் பாதுகாப்பான குடிநீர் என்பது குழாய் அன்று. அது ஒரு தொடர்ச் செயல். தாங்கி கழுவுதல், நீரைச் சோதித்தல், உள்ளுறை மாற்றல், வாய்ப்பூட்டு மாற்றல், பட்டியல் கட்டல். இவை நின்ற நாளில் குழாயும் நின்றுவிட்டது என்றே கொள்ளவேண்டும்.

குழாயைத் தாங்கி நிற்கும் சுவரும் இக்கணக்கில் சேரும். 2023 நவம்பரில், கொட்டாஞ்சேனையிலிருந்து சில மைல் தூரத்திலுள்ள வெல்லம்பிட்டியில், ஓர் அரசாங்கப் பாடசாலையில் நீர்க்குழாய்களை அண்டி நின்ற சுவர் இடிந்து விழுந்தது. முதலாந் தரத்துச் சிறுமி ஒருத்தி இறந்தாள். மேலும் சில பிள்ளைகள் காயமடைந்தனர். அந்த வாரம் பத்திரிகைகள் எழுதின, அமைச்சினர் வந்தனர், விசாரணை நடந்தது. தண்ணீர் குடிக்கும் இடம் பிள்ளையின் உயிரைக் குடிக்கும் இடமாக மாறிய அச்சம்பவத்தைப் பற்றி எமது மொழியில் ஒரு நல்ல சிறுகதையேனும் எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடினோம். எமக்குக் கிடைக்கவில்லை.

இங்குதான் எமது விமர்சனம் கல்லைவிட்டுப் பேனாவுக்குத் திரும்புகிறது.

ஈழத்து முற்போக்கு இலக்கியம் தண்ணீரைப் பற்றி எழுதாத இலக்கியமன்று. தண்ணீரைப் பற்றி எழுதியே அது தன் உரிமையை நிலைநாட்டியது என்று கூறினும் மிகையாகாது. இலங்கைச் சாகித்திய மண்டலத்தின் பரிசைப் பெற்ற டொமினிக் ஜீவாவின் முதற் சிறுகதைத் தொகுதியின் பெயரே 'தண்ணீரும் கண்ணீரும்'. கே. டானியல் தம் பிற்கால நாவல்களில் ஒன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டார். நல்ல தண்ணீர்க் கிணற்றில் அள்ளும் உரிமை மறுக்கப்பட்டு, மேற்சாதியார் அள்ளி ஊற்றும்வரை குடத்தை வைத்துக்கொண்டு காத்து நின்ற யாழ்ப்பாணத்துப் பஞ்சமரின் அனுபவம் இவ்வெழுத்தாளரின் அனுபவம். நூல்நிலையத்தில் திரட்டிய செய்தியன்று. 'இழிசனர் இலக்கியம்' என்று பண்டிதர் சிலர் முகஞ்சுளித்த காலத்தில், கிணற்றடியை இலக்கியத்தின் நடுமுற்றத்துக்குக் கொண்டுவந்த துணிவு அவர்களுடையது.

அந்தப் போராட்டத்தில் பாடசாலைக்கும் கிணற்றுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1930ஐ அண்டிய ஆண்டுகளில், வகுப்பறையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் இருக்கவேண்டும் என்ற உத்தரவு வந்தபோது, அதைப் பொறாதவர்கள் யாழ்ப்பாணத்தில் பாடசாலைகளைத் தீயிட்டுக் கொளுத்தினர். ஜீவா அவர்களே சாதி இழிவுரை பொறுக்காது ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்டு வெளியேறியவர். இந்தியாவிலே அம்பேத்கார் தம் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியது பலருக்கும் தெரிந்திருக்கும். தாகமெடுத்தால் அவர் குழாயைத் தொடக்கூடாது. பள்ளிச் சேவகன் வந்து திறந்துவிட வேண்டும். சேவகன் இல்லாத நாளில் தண்ணீரும் இல்லை. 1927 மார்ச்சு 20இல் மஹாட் என்னும் ஊரில் பொதுக்குளத்தின் நீரை ஆயிரக்கணக்கானோருடன் சென்று அவர் அள்ளிக் குடித்ததற்கு வித்து பள்ளிக் குழாயடியிலேயே விழுந்தது என நாம் கொள்வதில் தவறில்லை.

ஆக, மறுக்கப்பட்ட தண்ணீரை எமது எழுத்தாளர் அறிவர். மறுப்பவனுக்கு முகம் உண்டு, சாதி உண்டு, கையிலே வாளி உண்டு. அவனை எதிர்த்துக் கதை நடத்தலாம். மறுக்கப்படாத தண்ணீர் எவ்வாறு இல்லாமற்போகிறது என்பதே அவர்களுக்குப் பிடிபடவில்லை. கொட்டாஞ்சேனைப் பாடசாலையில் எந்தப் பிள்ளையையும் எவரும் குழாயடியிலிருந்து துரத்துவதில்லை. எல்லோரும் சமமாகச் சென்று குடிக்கலாம், அது ஓடினால். வில்லன் இல்லாத இடத்தில் ஒரு கோப்பு இருக்கிறது. அது வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து மாகாணத் திணைக்களத்துக்குப் போகிறது. தேசிய பாடசாலையானால் நேரே அமைச்சுக்குப் போகிறது. அரசாங்க உதவி பெறும் பாடசாலையானால் வேறொரு வழியில் போகிறது. ஒரே வீதியின் இரு பக்கத்தில் உள்ள இரு பாடசாலைகளின் தாங்கி மூடிக்கு இரு வேறு அதிகாரிகள் பொறுப்பு. அந்தக் கோப்பைக் கதாபாத்திரமாக்கும் ஆற்றல் எமது யதார்த்தவாதத்துக்கு இன்னும் கைவரவில்லை.

வரவுசெலவுத் திட்டத்தின் ஒரு வரி கலையின் பொருளாகுமா என்று சிலர் கேட்கக்கூடும். கிணற்றுக் கயிறு கலையின் பொருளாகுமா என்று முன்பு கேட்டவர்களின் பேரப்பிள்ளைகளே இவர்கள். ஒரு செய்தியை இங்கு சொல்லாமற் போக மனம் வரவில்லை. ஜீவாவின் 'மல்லிகை' தன் பிற்காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்கு வந்து, கொழும்பு 13இல், ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வெளிவந்தது. கொட்டாஞ்சேனைப் பாடசாலைகள் நடந்து போகும் தூரம். 'தண்ணீரும் கண்ணீரும்' எழுதியவரின் பத்திரிகைக் காரியாலயத்தைக் கடந்து எத்தனையோ பிள்ளைகள் வெறும் போத்தலுடன் வீடு திரும்பியிருப்பார்கள். அவர்களுள் ஒருவரின் கதையேனும் எழுதப்பட்டிருந்தால் என்ற ஏக்கம் எமக்கு உண்டு. அவரைக் குற்றஞ்சாட்டுவதற்காக இதைக் கூறவில்லை. அவருக்குப் பின் வந்த எம் எல்லோருக்கும் இது பொருந்தும்.

போத்தலைப் பற்றிச் சொன்னோம். உண்மையில் கொழும்பின் பாடசாலைக் குடிநீருக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று அறிய விரும்புபவர் கல்வி அமைச்சின் மதிப்பீட்டைத் திறக்க வேண்டியதில்லை. காலை ஐந்து மணிக்கு ஒரு குசினியில் எட்டிப் பார்த்தால் போதும். பாடசாலைக் குழாயை நம்பாத தாய் இரவே கேத்தலில் கொதிக்கவைத்து ஆறவிட்ட நீரைப் போத்தலில் வடித்து ஊற்றுகிறாள். இரண்டு பிள்ளைகளானால் இரண்டு போத்தல். வெயிற் காலமானால் நான்கு. அந்தக் கேத்தலின் அடியில் எரிவது எரிவாயு. 2021இன் நடுப்பகுதியில் 1,493 ரூபாய்க்கு விற்ற 12.5 கிலோ கொள்கலன் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய்க்கு ஏறியது. வரிசையில் நின்றும் கிடைக்காத நாட்கள் அவை. கொட்டாஞ்சேனைத் தோட்டங்களின் ஒற்றையறை வீடுகளில் அந்நாட்களில் முதலில் நின்றது எது? சோறு ஆக்குவதை நிறுத்த முடியாது. தண்ணீர் கொதிப்பதையே நிறுத்தினார்கள். அரசாங்கம் செலுத்தாத செலவு எங்கும் மறைந்துபோகவில்லை; ஏழைத் தாயின் அடுப்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவளுக்குக் கருங்கற் பலகை இல்லை.

வெள்ளவத்தையில் இக்கதை வேறுவிதமாக நடக்கிறது. கடலுக்கும் காலி வீதிக்கும் இடையே உயர்ந்து நிற்கும் தொடர்மாடிகளில் வீட்டுக்கு வீடு பில்டர். அல்லது வாரத்துக்கு ஒருமுறை வந்திறங்கும் பெரிய நீர்ப் போத்தல்கள். அங்கிருந்து வரும் பிள்ளையின் கையில் குளிர் மாறாத உருக்குப் போத்தல். அதே வகுப்பில், அதே வாங்கில், கடையில் வாங்கிய குடிபானப் போத்தலை மாதக்கணக்காகக் கழுவிக் கழுவிப் பாவிக்கும் பிள்ளையும் இருக்கிறது. இலவசக் கல்வி இவ்விருவரையும் ஒரே வாங்கில் இருத்தியது. அது பெரிய சாதனை. சீருடை அவர்களுடைய உடையின் வேற்றுமையை மறைத்தது. தாகம் எடுத்தவுடன் வேற்றுமை மேசைமேல் வந்து நிற்கிறது. பிற்பகலில் ஒருவருடைய போத்தல் காலியாகிவிட, மற்றவரிடம் கேட்பதா, குழாயடிக்குப் போவதா என்று ஒரு பிள்ளை தயங்கும் அந்தக் கணத்தை ஆசிரியர்கள் கவனித்திருப்பார்கள். பெண்பிள்ளைகள் சிலர் மூன்றாவது வழியொன்றைக் கண்டிருக்கிறார்கள்: மலசலகூடம் போகும் அவலத்தைத் தவிர்க்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவது. பாடசாலைக் குடிநீரைப் பற்றிப் பேசுபவர் மலசலகூடத்தைப் பற்றிப் பேசாது விடமுடியாது; அதற்கு உபயகாரர் கிடைப்பது இன்னும் அரிது என்பதை மட்டும் கூறி அப்பால் செல்கிறோம்.

கொழும்பை விட்டு வெளியே நோக்கின் இதே உபயத் தத்துவம் இன்னும் கொடிய வடிவங்களில் தெரிகிறது. வடமத்திய மாகாணத்தில் 1990கள் முதல் விவசாயக் குடும்பங்களை அழித்துவரும் சிறுநீரக நோயின் காரணம் இன்றும் முழுமையாகத் துணியப்படவில்லை. எனினும் நிலத்தடி நீரின் மீதுள்ள ஐயம் காரணமாகக் கிராமங்களிலும் பாடசாலைகளிலும் நீர் சுத்திகரிப்பு இயந்திரங்கள் நிறுவப்பட்டன. அவற்றுள் நூற்றுக்கணக்கானவற்றைக் கடற்படை தன் கையால் செய்து நிறுவியது. கடற்படையினர் தம் மாதச் சம்பளத்திலிருந்து கொடுத்த சந்தாவும் அதற்குப் பயன்பட்டது. மாலுமிகளின் நல்ல மனதை மதிக்கிறோம். ஆனால் ஓர் அரசாங்கத்தின் பாடசாலைப் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்க, அதே அரசாங்கத்தின் சாதாரண மாலுமி தன் சம்பளத்தில் தர்மம் செய்யவேண்டியிருப்பதை என்னவென்பது? 2013 ஆகஸ்ட் 1இல் வெலிவேரியவில் தம் கிணற்று நீர் கெட்டுவிட்டதென்று வீதிக்கு வந்த மக்கள்மீது இராணுவம் சுட்டபோது கொல்லப்பட்ட மூவரில் மாணவரும் அடங்குவர். தண்ணீரைத் தர்மமாகக் கேட்டால் மாலை. உரிமையாகக் கேட்டால் வேட்டு.

உரிமை என்று எழுதும்போதே சட்டப் புத்தகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை போதிய உணவு, உடை, உறையுள் என்று குறிப்பிடுகிறது. கல்வியைப் பெறச் சமமான வாய்ப்பையும் குறிப்பிடுகிறது. தண்ணீர் என்ற சொல் அந்த வரிசையில் இல்லை. இருந்தாலும் பயன் சொற்பமே. 29ஆம் உறுப்புரை இவை எதையும் நீதிமன்றத்தில் கேட்க முடியாது என்று கதவைச் சாத்திவிடுகிறது. சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையத்தின் எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கும்படி கம்பனிக்குக் கட்டளையிட்டது ஒரு வெற்றியே. ஆயினும் அது நீரைக் கெடுத்தவனுக்கு எதிரான தீர்ப்பு. நீரைக் கொடாதிருப்பவனை எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது? அயல்நாடான இந்தியாவில் 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பான, போதிய குடிநீர் என்பது பாடசாலைக்குரிய நிபந்தனையாக எழுதப்பட்டிருக்கிறது. அவ்வாறு எழுதியும், ஆறு மாதத்துக்குள் எல்லாப் பள்ளிகளிலும் குடிநீரும் கழிப்பிடமும் அமைக்குமாறு 2012 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட வேண்டியதாயிற்று. எழுதப்பட்ட சட்டம் தானாகத் தண்ணீர் இறைக்காது என்பது உண்மை. ஆனால் எழுதப்பட்டிருந்தபடியால் கேட்க முடிந்தது.

பணமுள்ள நாடானால் இத்தொல்லை இராது என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தைப் பார்க்கலாம். 2018இல் பாடசாலைக் குழாய் நீரில் ஈயமும் செம்பும் அளவுக்கு மிஞ்சிக் காணப்பட்டபடியால் அந்நகரின் பொதுப் பாடசாலைகளில் குடிநீர்க் குழாய்கள் அனைத்தும் மூடப்பட்டன. பழைய குழாய்களை மாற்றப் பணமில்லை. பதிலாக நிறுவப்பட்ட சுத்திகரிப்பு நீர்நிலையங்களின் செலவைப் பெரும்பாலும் கம்பனிகளும் தர்ம ஸ்தாபனங்களும் ஏற்றன. உலகின் முதலாளித்துவத் தலைமகனும் தன் பிள்ளைகளின் குழாயடியில் உபயப் பலகை வைத்துக்கொண்டான்.

சர்வதேச ஸ்தாபனங்களின் மொழியும் விமர்சனத்துக்கு உரியதே. 2016ஆம் ஆண்டு நிலையின்படி உலகப் பாடசாலைகளில் 69 சதவீதத்தில் 'அடிப்படைக் குடிநீர் வசதி' இருந்ததாக உலக சுகாதார ஸ்தாபனமும் யுனிசெஃப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை கூறியது. 'அடிப்படை' என்பதன் வரைவிலக்கணத்தைப் பார்த்தால், ஏற்கத்தக்க ஒரு மூலம் இருக்கவேண்டும், கணக்கெடுக்கப் போன நேரத்தில் நீர் வரவேண்டும் என்ற அளவே. நீரின் தூய்மை அச்சொல்லுக்குள் அடங்கவில்லை. நாம் பார்த்த கொட்டாஞ்சேனைப் பெட்டியும், சொட்டும் அந்த மூன்றாவது குழாயின் புண்ணியத்தால், 69 சதவீதத்துக்குள் இடம்பெற்றுவிடும்.

எமது நிலைப்பாட்டைத் தவறாக விளங்கிக்கொள்ள இடமுண்டு. அரசாங்கம் கொடுக்கும்வரை தனவந்தர் கொடுப்பதை மறுத்துப் பிள்ளைகளைத் தாகத்தில் இருத்துங்கள் என்றா கூறுகிறீர்கள் என்று ஓர் அதிபர் எம்மைக் கேட்டார். கேள்வி நேர்மையானது. இருபது ஆண்டு அதிபராக இருந்தவர். மழைக்காலத்தில் வகுப்பறைக் கூரைக்கும் வெயிற்காலத்தில் குழாய்க்கும் பழைய மாணவரின் வீட்டு வாசலில் நின்று நின்று கால் தேய்ந்தவர். அவருக்கு நாம் கொடுத்த விடை அவரைத் திருப்திப்படுத்தவில்லை. எம்மையும் முழுமையாகத் திருப்திப்படுத்தவில்லை. கொடுப்பதை வாங்குங்கள். ஆனால் வாங்கிய மறுநாளே, இதைப் பேண ஆண்டுக்கு இவ்வளவு வேண்டும் என்ற கணக்கை வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். அதற்கு விடை வராவிடில் வராத செய்தியைப் பரிசளிப்பு விழா அறிக்கையில் வாசியுங்கள் என்றோம். "அறிக்கை வாசிக்கும்போது உபயகாரர் முன்வரிசையில் இருப்பாரே, தம்பி" என்றார் அவர்.

அந்த ஒரு வாக்கியத்தில் முழு அரசியலும் அடங்கியிருக்கிறது. உபயம் பாடசாலைக்குத் தண்ணீரை மட்டும் கொண்டுவரவில்லை, மௌனத்தையும் கொண்டுவந்தது. முன்வரிசையில் இருப்பவர் மனம் நோகக்கூடாது என்பதற்காக அரசாங்கத்தின் குறையும் பேசப்படாமற் போகிறது. அரசாங்கத்துக்கு இதைவிட மலிவான ஏற்பாடு வேறு கிடைக்காது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும், 1960களின் தொடக்கத்தில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும், பாடசாலையின் முழுச் சுமையும் மக்களின் வரிப்பணத்தின்மீது வரும் என்பதே கொள்கை. கல்விக்குத் தேசிய உற்பத்தியில் 6 சதவீதம் கேட்டு 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஏறத்தாழ நூறு நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதற்குப் பின்னரும் அரசாங்கத்தின் கல்விச் செலவு 2 சதவீதத்தை அண்டியே நின்றது. சம்பளம் போக எஞ்சும் சிறு துண்டில் தாங்கி மூடிக்கு இடமில்லை. 6க்கும் 2க்கும் இடையிலுள்ள பள்ளத்தையே பழைய மாணவரும் வங்கிகளும் மாலுமிகளும் தாய்மாரும் தம் கைகளால் நிரப்புகிறார்கள். அந்தப் பள்ளத்தின் விளிம்பிலேதான் கருங்கற் பலகைகள் நாட்டப்படுகின்றன.

குடிநீருக்கென்று ஒவ்வொரு பாடசாலைக்கும் பிள்ளைகளின் தொகைக்கு ஏற்ப, வேறெதற்கும் மாற்ற முடியாதபடி, ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் ஒரு தொகையை ஆசிரியர் சங்கங்கள் தம் கோரிக்கைப் பட்டியலில் ஏன் இதுவரை முன்னிறுத்தவில்லை? சம்பளப் போராட்டத்தின் நியாயத்தை நாம் சிறிதும் குறைத்துக் கூறவில்லை. அந்தக் குழாயில் ஆசிரியரும் குடிக்கவேண்டியவரே அல்லவா? தாங்கி கழுவிய திகதியும் நீர் சோதித்த பெறுபேறும் அறிவித்தற் பலகையில் ஒட்டப்படவேண்டும் என்று கேட்பதற்குப் பெரிய புரட்சி எதுவும் வேண்டியதில்லை. பத்தாந் தரத்து விஞ்ஞான மாணவர் எஞ்சிய குளோரினைத் தாமே அளந்து எழுதலாம். அதற்கு வேண்டிய துளிமருந்தும் வர்ணக் குப்பியும் மலிவானவை. மாணவர் தம் கையால் எழுதும் அந்தச் சிறு அட்டவணை எமது பார்வையில் அப்பாடசாலையின் மிகச் சிறந்த எழுத்துப் படைப்பாக இருக்கும்.

அதிபரின் வாக்கியம் எமக்கு ஓர் எண்ணத்தைத் தந்தது. பாடசாலைகளின் பரிசளிப்பு விழா அறிக்கைகளும் ஆண்டு மலர்களும் எமது பார்வைக்கு அவ்வப்போது வருகின்றன. அவற்றில் துடுப்பாட்டத்துக்கும் தமிழ்த் தினப் போட்டிக்கும் பக்கங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. குடிநீரைப் பற்றி ஒரு வாக்கியம் இருந்தால் அது 'நன்றி' என்ற தலைப்பின் கீழ் இருக்கும். ஆசிரியர்களும் மாணவர்களுமான எமது வாசகர்கள் தத்தம் பாடசாலையின் கடைசி அறிக்கையை எடுத்து, தண்ணீர் என்ற சொல் வரும் வாக்கியங்களை மட்டும் பெயர்த்தெழுதி எமக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம். பாடசாலையின் பெயரும் உபயகாரரின் பெயரும் வேண்டாம். அதன் அடியில், கடைசியாகத் தாங்கி கழுவிய திகதியை விசாரித்து எழுதுங்கள். கிடைக்கும் வாக்கியங்களை வரும் இதழ்களில், எமது குறிப்பு எதுவுமின்றி, வந்த ஒழுங்கிலேயே வெளியிடுவோம்.